பின்னால் வந்தவள்

விடுதிக்காரி கினுயோ முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டு, மசஹாருவின் முகத்துக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"வெந்நி ரெடியா இருக்கு, ஐயா. நீங்க முதல்ல குளிச்சிட்டு வந்துடுங்க. அப்புறம் சாப்பாடு."

ஒவ்வொரு வார்த்தையும் அவள் உதட்டில் முழுசாக உருண்டு வந்தது. மசஹாருவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. ஊரே கவசத்தை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து முனகுகிற காலத்தில், இந்தக் கடலோர விடுதிக்காரிகள் மட்டும்தான் மனிதனை முகம் பார்த்துப் பேசினார்கள். இரண்டு வருஷமாகத் தங்கிய இடத்தில் எல்லாம் இப்படித்தான்.

"பட்டணத்துல இது கிடைக்குமா? மரியாதை இன்னும் இங்கதான் உசுரோட இருக்கு," என்று மாடியறையில் மனைவியிடம் சொன்னார்.

சுமியே ஈரக் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "ஆமாமா. உங்க மூஞ்சியைப் பாத்துப் பேச ஆள் கிடைக்கிறதே பெருசு. போய்க் குளிங்க, நாறுது."

சூசா என்கிற அந்தச் சின்னத் துறைமுகத்தில் கணவாய் மீன் சீசன் அப்போதுதான் தொடங்கியிருந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் கண்ணாடி போன்ற கணவாய்த் துண்டுகள் வந்தன. மசஹாரு சாக்கே என்கிற அரிசி மதுவை இரண்டு கிண்ணம் கூடுதலாகவே குடித்தார். குடிக்கக் காரணம் இருந்தது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் அவர்கள் ஹமாடாவில் இருப்பார்கள். ஹமாடாவில் அவர்கள் வீடு. வீட்டு வாசலில் ஒரு சிவப்புத் தபால் பெட்டி. அந்தப் பெட்டியைத் தொட்டுவிட்டுத்தான் பதினோரு வருஷத்துக்கு முன்னால் இருவரும் சைக்கிளில் கிளம்பினார்கள். கடலை இடது கைப் பக்கமே வைத்துக்கொண்டு மிதித்தால் ஜப்பானின் பெரிய தீவை முழுக்கச் சுற்றி அதே பெட்டிக்கு வந்து சேரலாம் என்பது மசஹாருவின் கணக்கு.

கணக்கில் பிசகில்லை. ஆனால் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறவனுக்கு யார் வருஷக்கணக்கில் லீவு தருவார்கள்? அதனால் துண்டு துண்டாகப் போனார்கள். மே மாத விடுமுறையில் ஒரு துண்டு, இலையுதிர் காலத்தில் ஒரு துண்டு. லீவு தீருகிற இடத்தில் சைக்கிள்களைக் கழற்றிப் பையில் கட்டி ரயிலேறி வீட்டுக்கு வருவது. அடுத்த லீவில் அதே பையோடு ரயிலேறி, விட்ட இடத்தில் தொடங்குவது. இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் இந்த நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் மசஹாருவின் பைத்தியம் ஒரு படி மேலே. விட்ட இடம் என்றால் விட்ட அதே இடம். நீகாதாவில் ஒரு தடவை பேருந்து நிறுத்தக் கம்பத்தடியில் நிறுத்தியிருந்தார்கள். அடுத்த வருஷம் போனால் கம்பத்தைக் காணோம், எங்கோ மாற்றி நட்டுவிட்டார்கள். மனிதர் கொட்டுகிற மழையில் பழைய கம்பம் இருந்த குழியைத் தேடி, சிமெண்ட் பூசிய தடத்தைக் கண்டுபிடித்து, முன்சக்கரத்தை அதன்மேல் வைத்த பிறகுதான் ஏறி உட்கார்ந்தார்.

"ஒரு முழம் விட்டுப்போனா என்ன, கடல் கோவிச்சுக்குமா?" என்று சுமியே குடைக்குள்ளிருந்து கேட்டாள்.

"ஒரு முழம் விட்டா அது சுத்து இல்ல. வெறும் பயணம்," என்றார் அவர்.

அவளுடைய சட்டங்கள் வேறு. ஆள் அரவமே இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பாள். சாலையோர வெள்ளைக் கோட்டை ஒருநாளும் தாண்டமாட்டாள். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அவரிடம் சத்தியம்கூட வாங்கியிருந்தாள்: "கண்ணு, காது, முழங்கால். மூணுல ஒண்ணு போனாலும் அன்னிக்கே வண்டிய நிறுத்திடணும். உங்களுக்குப் போனாலும் சரி, எனக்குப் போனாலும் சரி." அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயசு. சிரித்துக்கொண்டே சத்தியம் செய்தார்.

முன்னால் அவர் போவார், பின்னால் அவள் வருவாள். பின்னாலிருந்து லாரி வந்தால் அவள் மணியை இரண்டு தடவை அடிக்க வேண்டும். கேட்டது என்பதற்கு அடையாளமாக அவர் இடது கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓரத்தில் ஒதுங்க வேண்டும். அவளுடைய மணி பித்தளை. வாராவாரம் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பாள். ஜப்பான் கடற்கரையில் மலையைக் குடைந்த சுரங்கப்பாதைகளுக்குக் குறைவே கிடையாது. உள்ளே சைக்கிளுக்கென்று இடம் விட்டிருக்க மாட்டார்கள். அந்த இருட்டில் அவர்களைக் காப்பாற்றியது இந்த மணியும் கையும்தான் என்று இருவரும் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

மசஹாருவின் காது போய்விட்டது.

முப்பது வருஷ டீசல் எஞ்சின் சத்தம் சும்மா விடுமா? முதலில் இடது காது மந்தமாயிற்று, பிறகு வலது. பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் பெரிய சத்தங்கள் ஒரு முணுமுணுப்பாக மட்டும் எட்டின. மணி எட்டவே இல்லை. அப்போது சுற்றில் இன்னும் ஒரு கால்வாசி பாக்கி இருந்தது. சொன்னால் சத்தியம் குறுக்கே வந்து நிற்கும். மனிதர் சொல்லவில்லை. உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டார். அவள் சிரித்தால் சிரித்தார். புரியாவிட்டால், "காத்துல ஒண்ணும் கேக்கல, இன்னொரு தடவ சொல்லு," என்று பழியைக் காற்றின் மேல் போட்டார். காற்றில்லாத நாளில்கூட அப்படிச் சொன்னதுண்டு.

மணிக்குத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். முதுகில் காற்று மோதினாலோ சுரங்கச் சுவரில் வெளிச்சம் கூடினாலோ கையைத் தூக்கினார். ஒன்றுமே தெரியாவிட்டாலும் கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் சும்மா தூக்கிவைத்தார். பத்தில் நாலாவது பொருந்தாதா? திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் சுமியே சிரித்த முகமாகத்தான் வந்துகொண்டிருந்தாள். ஆகவே எல்லாம் சரியாக நடக்கிறது என்று நம்பினார். ஊரை ஏமாற்றுகிறவனுக்கும் கொஞ்சம் கூச்சம் இருக்கும். இவருக்கோ தன் சாமர்த்தியத்தில் பெருமைகூட இருந்தது.

அன்று ராத்திரி அவர் சீக்கிரமே தூங்கிவிட்டார். கீழே சமையலறையில் கினுயோவோடு சேர்ந்து சுமியே பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

காலையில் கிளம்பும்போது சுமியே இரண்டு சோற்றுருண்டைகளை அவர் பைக்குள் திணித்தாள்.

"இன்னிக்கு வீட்டுக்குப் போயிடுவோம். அப்புறம் என்ன பண்ணப் போறீங்க?" என்று அவர் எதிரே நின்று கேட்டாள்.

"இன்னொரு சுத்து. இந்தத் தடவை கடலை வலது பக்கம் வெச்சுக்கிட்டு."

"நான் வரல. எனக்கு உங்க முதுகு அலுத்துப்போச்சு."

"அப்ப நீ முன்னால போ."

"போனா நீங்க பின்னால ஒழுங்கா வருவீங்களா? நண்டைப் பாத்தா நின்னுடுவீங்க, படகைப் பாத்தா நின்னுடுவீங்க." அவருடைய தலைக்கவசத்தின் வாரை இழுத்துச் சரிசெய்தாள். "கிளம்புங்க. சாயங்காலம் தபால் பெட்டியை நான்தான் முதல்ல தொடுவேன்."

சாலை மேடும் பள்ளமுமாகப் போயிற்று. இடது பக்கம் கடல் பளிச்சென்று தெரிந்து தெரிந்து மறைந்தது. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்தச் சுரங்கப்பாதை வந்தது. பழைய சுரங்கம், உள்ளே மஞ்சள் விளக்குகள், ஓரத்தில் சுவரை ஒட்டி மண்ணும் சருகும் மூடிய ஒரு மேடை. அதில் சைக்கிள் ஓட்ட முடியாது. பாதியில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டி, ஓரம் முழுக்கக் குட்டையாகத் தேங்கியிருந்தது. மசஹாரு அந்தக் குட்டையைத் தவிர்ப்பதற்காக வெள்ளைக் கோட்டைத் தாண்டி வலது பக்கம் வந்தார். சுவரில் வெளிச்சம் கூடியதைப் பார்த்ததும் வழக்கம்போலக் கையைத் தூக்கினார். குட்டையைக் கடந்ததும் ஓரத்துக்கு வந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. எதிரே சுரங்கத்தின் வாய் வெள்ளையாகப் பெரிதாகிக்கொண்டு வந்தது.

வெளியே சாலை அகலமான இடத்தில், காசு போட்டால் டின் தருகிற பெட்டி ஒன்று நின்றது. தனக்குக் காப்பியும் அவளுக்குப் பால் தேநீரும் எடுத்தார். இரண்டும் சூடாக இருந்தன. சுமியேவைக் காணோம். சங்கிலி கழன்றிருக்கும் என்று நினைத்தார். எத்தனை தடவை சொன்னாலும் எண்ணெய் போடமாட்டாள் என்று முனகிக்கொண்டே காப்பியைக் குடித்தார்.

பிறகு ஒன்று உறைத்தது. சுரங்கத்திலிருந்து ஒரு வண்டிகூட வெளியே வரவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த கார்களும் வாசலிலேயே வரிசையாக நின்றிருந்தன. காது உள்ளவனுக்கு எப்போதோ தெரிந்திருக்கும். இவருக்குக் கண்ணால் பார்த்துத்தான் தெரிய வேண்டியிருந்தது. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினார். அவள் குட்டைக்குப் பக்கத்தில், வெள்ளைக் கோட்டுக்கு ரொம்ப வெளியே, நடுச்சாலையில் கிடந்தாள். யாரோ தன் சட்டையை மடித்து அவள் தலைக்கு அணைகொடுத்திருந்தார்கள். அவர் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

தேநீர் டின் சட்டைப் பையில் இருந்ததை ராத்திரி ஆஸ்பத்திரியில்தான் கவனித்தார்.

விசாரித்த போலீஸ்காரர் முகக்கவசம் போட்டிருந்தார். கேட்டது பாதிக்குமேல் புரியவில்லை. சத்தம் எதுவும் கேட்கவில்லையா என்றுதான் கேட்டிருப்பார் என்று ஊகித்து, "சுரங்கத்துக்குள்ள என்னங்க கேக்கும்," என்றார். அப்போதும் சொல்லவில்லை. பொண்டாட்டி செத்துக் கிடக்கிறாள், அந்த நேரத்திலும் மனிதர் தன் காதைக் காப்பாற்றிக்கொண்டார்.

இழவு வீட்டுக்கு லாரி ஓட்டுநர் வந்தான். நாகசே என்று பெயர், முப்பது வயசிருக்கும். கூடத்து வாசலிலேயே மண்டியிட்டு, நெற்றி தரையில் பட விழுந்து, அந்த நிலையிலேயே ஏதோ பேசினான். தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

"தலையத் தூக்குப்பா," என்றார் மசஹாரு. "தலையத் தூக்கிப் பேசு."

சுற்றி இருந்த உறவுக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எவ்வளவு பெரிய மனசு என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு அவன் உதடு தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அவன் நிமிர்ந்தான். "ஐயா கோட்டுக்கு வெளிய வந்துட்டு இருந்தீங்க. அதை நான் பாக்குறதுக்குள்ள அம்மா நடு ரோட்டுக்கு வந்து கையை ஆட்டினாங்க. உங்களுக்கும் எனக்கும் நடுவுல. பிரேக் போட்டேன். ஈரம், நிக்கல. எம்மேலதான் தப்பு, ஐயா." மூக்கை உறிஞ்சினான். "நீங்க கையைத் தூக்கினீங்க. அதனால, பாத்துட்டீங்க, ஒதுங்கிடுவீங்கன்னு நெனச்சேன். ஆனா கையைத் தூக்கிட்டு அப்படியே போயிட்டீங்க."

மசஹாரு அவனைத் திட்டவில்லை. அதற்குப் பிறகு யார் வந்து என்ன சொன்னாலும் அவருக்கு அந்த உதடுகள்தான் தெரிந்தன. கையைத் தூக்கிட்டு அப்படியே போயிட்டீங்க.

ஒரே ஒரு கேள்விதான் அவரைத் தின்றது. சுமியே மணி அடித்திருப்பாள். அவள் அடிக்காமல் இருக்கமாட்டாள். அடித்தவள் என்ன பார்த்தாள்? புருஷன் கையைத் தூக்குகிறான், கேட்டுவிட்டது என்கிறான், கேட்டும் நகராமல் போய்க்கொண்டே இருக்கிறான். தரையில் கிடந்த நேரத்திலும் அவள் கண்ணுக்குத் தெரிந்தது அந்த முதுகுதானே. நான் கூப்பிட்டேன், கேட்டுது, ஆனா வரல என்று நினைத்துக்கொண்டே போயிருப்பாளா? குளிக்கும்போது இதுதான், படையலுக்குச் சோறு வைக்கும்போது இதுதான். படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "எனக்குக் கேக்கல, சுமியே. எனக்குக் கேக்கவே கேக்காது," என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். படத்திடம் சொல்லி என்ன பிரயோசனம்?

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கில் பிக்கு ஓதினார். அது முடிந்துவிட்டது என்பது, எல்லோரும் தலை குனிந்ததைப் பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அடுத்த நாள் காது மிஷின் கடைக்குப் போனார். கடைப் பெண் சோதனை எல்லாம் செய்து பார்த்துவிட்டு, இவ்வளவு மோசமாகும்வரை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று கேட்டாள்.

"பின்னால ஆள் இருந்துச்சு," என்றார்.

மிஷின் கைக்கு வந்த வாரமே சைக்கிளைக் கழற்றிப் பையில் கட்டினார். போலீஸ் திருப்பிக் கொடுத்திருந்த சுமியேயின் சைக்கிள் உருக்குலைந்து கிடந்தது. மணி மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. அதைக் கழற்றித் தன் கைப்பிடியில், தன் மணிக்குப் பக்கத்தில் மாட்டினார். அடித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சுற்றை முடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் வெளியே சொன்னது. உள்ளே வேறு எண்ணம் இருந்தது. அவள் கிடந்த இடத்தில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். விட்ட இடம் அதுதான்.

சூசாவில் மழைக்காலத்து வானம் தாழ்ந்து கிடந்தது. கினுயோ வாசலிலேயே அவரைப் பார்த்துவிட்டாள். ஓடி வந்தவள் கவசத்தை இறக்கி, நேர் எதிரே நின்று, வாயைப் பெரிதாகத் திறந்து, "வாங்க, ஐயா," என்றாள்.

"மெதுவாவே பேசும்மா. மிஷின் மாட்டியிருக்கேன்." காதைத் தொட்டுக் காட்டினார். "எனக்குக் காது கேக்காது. ரொம்ப நாளாவே."

கினுயோ ஒரு பெருமூச்சு விட்டாள். "தெரியும், ஐயா."

"என்ன தெரியும்?"

"அம்மா ரூம் கேட்டு போன் பண்ணப்பவே சொல்லிட்டாங்க. 'எங்க வீட்டுக்காரருக்குக் காது சுத்தமா கேக்காது. கவசத்தை எறக்கிட்டு முகத்துக்கு நேரா நின்னு பேசுங்க. நான் சொன்னேன்னு மட்டும் காட்டிக்காதீங்க, பாவம், மறைச்சிட்டதா நெனச்சுக்கிட்டிருக்காரு'ன்னாங்க. போற எடத்துல எல்லாம் இப்படித்தான் முன்னாலயே சொல்லி வெப்பாங்களாம்."

மசஹாரு செருப்பைக் கழற்றுகிற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் பார்த்துப் பேசிய விடுதிக்காரிகள் ஒவ்வொருத்தியாக நினைவுக்கு வந்தார்கள். போன இலையுதிர் காலத்தில் ஒருத்தி, ஹாகியில் ஒருத்தி, மீன் நாற்றம் அடித்த அந்தக் குண்டம்மா. எல்லோரும் சுமியே ஏற்பாடு செய்த மரியாதை.

கினுயோ பார்லித் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"எப்படித் தெரிஞ்சுதாம் அவளுக்கு?"

"அன்னிக்கு ராத்திரி பாத்திரம் துடைக்கறப்ப சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. 'நான் மணி அடிச்சா கை தூங்குது. அடிக்காதப்ப கை மேல போகுது'ன்னு. அப்புறம் என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். 'கை போச்சுன்னா, உடனே ஒரு தடவை அடிச்சு வெச்சிடுவேன்'னாங்க."

"எதுக்கு? எனக்குத்தான் கேக்காதே."

"நானும் அதான் கேட்டேன். 'மனுசன் கையத் தூக்கிட்டாரு, மணி அடிக்கலேன்னா அது பொய்யாயிடும்ல'ன்னாங்க."

அவர் டம்ளரைத் தரையில் வைத்தார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். இத்தனை நாளும் தின்ற கேள்வி, வாயிலிருந்து வரும்போது சின்னதாகத்தான் வந்தது.

"அப்போ சுரங்கத்துல... நான் கேட்டும் போயிட்டேன்னு அவ நெனச்சிருக்க மாட்டா."

"ஐயோ, எப்படி நெனப்பாங்க? கேக்காதுன்னு தெரிஞ்சுதானே..." கினுயோ பாதியில் நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியதும் அவருக்குக் கேட்டுவிட்டது. கேட்காது என்று தெரிந்துதானே நடுச்சாலைக்கு வந்தாள். மணி அடித்துக்கொண்டு நின்றிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய அதே இடத்தில், அதைவிடக் கனமாக இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. இது இனி இறங்காது என்று அவருக்குத் தெரிந்தது.

"சத்தியம் வாங்கினவ அவதாம்மா. காது போனா நிறுத்தணும்னு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே. ஏன் சொல்லல?"

"'சொன்னா அன்னிக்கே வண்டிய வித்துடுவாரு. அப்புறம் டிவிக்கு முன்னால உக்காந்து கல்லாப் போயிடுவாரு'ன்னாங்க." கினுயோ இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "'கடலை அவரு பாக்கட்டும், லாரிய நான் பாத்துக்கறேன்'னாங்க, ஐயா."

மசஹாரு அங்கேயே, அந்நியப் பெண்ணின் முன்னால், வாய்விட்டு அழுதார். தன் அழுகைச் சத்தம் மிஷின் வழியாகத் தனக்கே கேட்டது அவருக்குப் புதிதாக இருந்தது. அசிங்கமாகக்கூட இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

மறுநாள் காலை சுரங்க வாசலில் சைக்கிளைவிட்டு இறங்கி, சுவரோர மேடைமேல் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே நடந்தார். சத்தமான இடத்தில் மிஷினைக் குறைத்து வைத்துக்கொள்ளும்படி அந்தக் கடைப் பெண் சொல்லியிருந்தாள். அவர் குறைக்கவில்லை.

முதல் லாரி பின்னால் நுழைந்தபோது மலையே இடிந்து முதுகில் விழுவதுபோல் இருந்தது. எங்கே இருக்கிறது, எவ்வளவு பக்கத்தில் வருகிறது, ஒன்றும் புரியவில்லை. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினார். ஒரு லாரிக்கே இப்படி. இத்தனை வருஷமாக எத்தனை சுரங்கம், எத்தனை லாரி. இவர் பாட்டுக்கு மஞ்சள் விளக்குகளை எண்ணிக்கொண்டு நிம்மதியாக மிதித்துப் போயிருக்கிறார். அவளுக்கு இதெல்லாம் கேட்டது. ஒவ்வொன்றும் கேட்டது. கேட்டுக்கொண்டே, முன்னால் போகிற செவிட்டு முதுகிலிருந்து கண்ணை எடுக்காமல் வந்திருக்கிறாள். வெளியே வந்ததும் சிரித்த முகத்தைக் காட்டியிருக்கிறாள்.

குட்டை அப்படியே இருந்தது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார். ஆனால் அங்கே நின்றபோது அந்த வார்த்தை அவளுக்குப் பொருந்தாது என்று பட்டது. கேட்டால் சிரிப்பாள்.

"கிளம்பறேன், சுமியே," என்றார்.

வண்டிகள் இல்லாத நேரம் பார்த்துச் சாலையில் இறங்கி, முன்சக்கரத்தை அந்த இடத்தில் வைத்து, ஏறி உட்கார்ந்து மிதித்தார். வெள்ளைக் கோட்டுக்குள்ளேயே, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனார். காலுறை நனைந்தது. அன்றைக்கும் நனைந்திருந்தால் போதும், வேறொன்றும் ஆகியிருக்காது.

கொஞ்ச தூரத்தில் பின்னால் மறுபடி இரைச்சல் எழுந்தது. இந்தத் தடவை நிஜமாகவே கேட்டது. ஓரத்தில் இன்னும் ஒதுங்கினார். இடது கை தானாக மேலே போயிற்று. லாரி கடந்து, அதன் சிவப்பு விளக்குகள் சுரங்க வாயில் மறைந்து, சத்தம் முழுக்க அடங்கிய பிறகும் கை இறங்கவில்லை. பின்னால் ஒன்றும் இல்லை. சொட்டுகிற தண்ணீர் மட்டும்.

மெல்லக் கையை இறக்கினார். கட்டை விரலால் அவளுடைய மணியைத் தேடி, ஒரு தடவை அடித்தார். சின்னச் சத்தம்தான். சுவரில் பட்டு ஒரு முறை திரும்பி வந்தது. அது எப்படிக் கேட்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

வெளியே இடது பக்கம் கடல் இருந்தது. அன்று சாயங்காலம் ஹமாடாவில் வாசல் தபால் பெட்டியைத் தொடுகிறவரை, கை மேலே போனபோதெல்லாம் உடனே ஒரு தடவை அடித்து வைத்தார்.